லாரியா, பிளம்பரா, கொத்தனாரா? செப்டிக் டேங்க் மக்கர் செய்தால் யாருக்கு போன் போடுவது

2023 தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் துணி அலசிய வாளியைக் கவிழ்த்தாள். கீழே என் வீட்டு டாய்லெட் கோப்பை களக் களக் என்று கொப்பளித்தது. ராத்திரி ரயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் பேரனோடு வந்து இறங்கப்போகிறார்கள். நான் வேறெதையும் யோசிக்கவில்லை. வாசல் மின்கம்பத்தில் ஒட்டியிருந்த 'செப்டிக் டேங்க் கிளீனிங்' ஸ்டிக்கரைப் பார்த்து போன் போட்டேன். லாரி வந்தது, அரை மணி நேரம் உறிஞ்சியது. பண்டிகை ரேட் என்று 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை ஐந்து பேர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாவது ஆள் குளித்து முடிப்பதற்குள் பாத்ரூமில் கணுக்கால் அளவு தண்ணீர். கங்கா ஸ்நானம் எதிர்வீட்டில் நடந்தது.

பிளம்பர் கிடைத்தது தீபாவளிக்கு மறுநாள்தான். அவர் டேங்க் பக்கமே போகவில்லை. டேங்குக்கு முந்தின சேம்பரின், அதாவது குழாயைத் திறந்து பார்க்க வைத்திருக்கும் சின்னத் தொட்டியின், மூடியை நெம்பித் திறந்து, ராடை விட்டுக் குத்தி, தரை துடைக்கும் மாப்பின் நூல் கொத்து ஒன்றை வெளியே இழுத்தார். அதைச் சுற்றி முடியும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஒரு பந்து. வேலை இருபது நிமிடம், கூலி 700 ரூபாய். லாரிக்குக் கொடுத்த 2,500 தண்டம்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்து மிக்ஜாம் புயல் மழை. வெள்ளம் வடிந்த பிறகும் டாய்லெட் இறங்கவில்லை. இந்தத் தடவை அறிவாளியாக நடந்துகொள்வதாக நினைத்து முதலில் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "லைன்ல ஒண்ணும் இல்லம்மா, டேங்க் நிக்குது" என்றார். மறுபடி லாரி, 3,000 ரூபாய். இரண்டாம் நாள் டேங்க் பழையபடி நிரம்பிவிட்டது. கடைசியில் என் தம்பிக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, நீங்க எடுத்தது டேங்க் தண்ணி இல்ல, இந்தத் தெருவோட தண்ணி."

நான் முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துவிட்டு 2020 ஜனவரியில் விருப்ப ஓய்வில் வந்தவள். ஊரில் யாருக்கு யாரோடு பேசவேண்டுமோ அவர்களை இணைத்துவிடுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. என் வீட்டுச் சாக்கடைக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று மட்டும் தெரியாமல் போயிற்று. அந்த வெட்கத்தில் மேஸ்திரி, பிளம்பர், லாரி டிரைவர் என்று எல்லோரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம், பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஒரு நகரில், 1998-ல் ஒரு கிரவுண்டில் கட்டிய இரண்டு போர்ஷன் வீடு என்னுடையது. உங்கள் வீடும் ஏறக்குறைய அப்படித்தான் என்றால் இதெல்லாம் பொருந்தும்.

டேங்க் நிறைந்திருப்பது கோளாறு இல்லை

இதை முதலில் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். வீட்டுக் கழிவு ஒரு பக்கம் உள்ளே வரும். கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஏடு மாதிரி மிதக்கும், நடுவில் இருக்கும் தண்ணீர் மறுபக்கக் குழாய் வழியாக சோக் பிட்டுக்கு, அதாவது தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்கு, போகும். உள்ளே ஒரு வாளி வந்தால் வெளியே ஒரு வாளி போகவேண்டும், அவ்வளவுதான். ஆகவே யாராவது மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு "ஃபுல்லா இருக்கு மேடம்" என்று சொன்னால் பயப்படாதீர்கள். புதிதாகக் கட்டிய டேங்கும் கொஞ்ச நாளில் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் வெளியேறும் குழாயின் மட்டத்திலேயே நிற்கிறதா, அதைத் தாண்டி ஏறிவிட்டதா என்பதைத்தான் கேட்கவேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் 'செப்டிக் டேங்க்' என்று சொல்வது செப்டிக் டேங்கே அல்ல. சிமென்ட் உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைப் பூசாமல் விட்ட குழி. அதற்கு வெளியேறும் குழாயே இருக்காது, தண்ணீர் நேராக மண்ணில் இறங்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், கட்டிய மேஸ்திரியையோ பழைய வீட்டுக்காரரையோ கேட்டு வையுங்கள். லாரிக்காரரும் முதலில் அதைத்தான் கேட்பார்.

போனை எடுக்கும் முன் பத்து நிமிடம்

முதலில் வீட்டுக்குள் ஒரு சுற்று. எந்தெந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது? ஒரே ஒரு வாஷ்பேசின், ஒரே ஒரு பாத்ரூம் என்றால் விஷயம் அங்கேயே இருக்கிறது. வெளியே போய்ப் பார்க்கக்கூட வேண்டாம், பிளம்பர் போதும். வீடு முழுக்க இறங்கவில்லை, அதிலும் கீழ்த்தளத்துக் கோப்பை முதலில் கொப்பளிக்கிறது என்றால் வெளியே வாருங்கள்.

வெளியே சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன சதுர மூடிகள் இருக்கும். அவைதான் சேம்பர்கள். அதிகம் போனால் இரண்டடி ஆழம். டேங்குக்கு மிக அருகில் இருக்கும் கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். டைல்ஸ் போட்டு மூடிவிட்டீர்கள் என்றால் என் அனுதாபங்கள், நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

கடைசி சேம்பர் காய்ந்து கிடக்கிறது, வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்றால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். பிளம்பர்தான். ஒவ்வொரு சேம்பராக வீட்டை நோக்கித் திறந்துகொண்டே போனால், எந்த இடத்தில் ஒன்று காய்ந்தும் அடுத்தது நிறைந்தும் இருக்கிறதோ, அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள குழாய் அடைத்திருக்கிறது. பிளம்பரிடம் போனிலேயே "இரண்டாவது சேம்பருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வரும்போதே சரியான நீளத்துக்கு ராடு கொண்டுவருவார். கூலி பேசும் தொனியும் மாறும்.

கடைசி சேம்பரும் தளும்புகிறது என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, சேம்பரிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது. எனக்குத் தீபாவளியன்று நடந்தது இதுதான். இன்னொன்று, டேங்கே உயர்ந்து நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இதைப் பிரித்துச் சொல்ல டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால்தான் உண்டு. அதை நீங்கள் செய்யவேண்டாம். சேம்பர் வேறு, டேங்க் வேறு. டேங்க் மூடிக்குக் கீழே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அடைந்து கிடக்கும். முதலாவது தீப்பற்றும், இரண்டாவது ஆளைச் சாய்க்கும். லாரிக்காரர் வந்ததும் திறக்கச் சொல்லி, நீங்கள் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று பார்க்கலாம்.

என் தீபாவளிப் பணத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் இருக்கிறது. லாரி வந்து நின்றதும், ஹோஸை இறக்கும் முன், "தம்பி, முதல்ல மூடியத் திறந்து தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு காட்டுப்பா" என்று சொல்லுங்கள். உள்ளே வரும் குழாயின் வாய் தெரிந்தால், அதாவது தண்ணீர் அதற்குக் கீழே இருந்தால், டேங்க்மேல் தப்பில்லை. குழாய்தான் அடைத்திருக்கிறது. வந்து போனதற்கு ஏதாவது கொடுத்து லாரியை அனுப்பிவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். குழாய் வாய் முங்கியிருந்தால் லாரி வேலையை ஆரம்பிக்கட்டும்.

பிளம்பர் வருவதற்குள் செய்யக்கூடாத ஒன்று, ஆசிட் ஊற்றுவது. மாப் நூலும் டயபரும் ஆசிட்டில் கரையாது. ராடு குத்தும் ஆளின் முகத்தில்தான் அது தெறிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடரையும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் நெஞ்சை அடைக்கும். டேங்க்குக்குள் கழிவைச் செரிக்கும் கிருமிகளும் இவற்றால் சாகும்.

லாரியைக் கூப்பிடும்போது

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை டேங்கைச் சுத்தம் செய்வது நல்லது. அடைத்தால்தான் கூப்பிடவேண்டும் என்பதில்லை. அடியில் சேறு ஏற ஏற நடுவில் தண்ணீர் தங்கும் இடம் குறையும், தெளியாத கழிவு சோக் பிட்டுக்குப் போகும், அது மண்ணின் கண்ணை அடைக்கும். நான் 1998-லிருந்து அந்தத் தீபாவளி வரைக்கும் ஐந்து தடவைதான் எடுத்திருக்கிறேன். சோக் பிட் பழிவாங்கியதில் ஆச்சரியமில்லை.

கம்பத்து ஸ்டிக்கர் தவிர இன்னொரு வழி 14420 என்ற எண். சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கென்றே வைத்திருக்கும் அரசு உதவி எண். இல்லாவிட்டால் உங்கள் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற லாரிக்காரர்கள் பட்டியலைக் கேளுங்கள். கழிவு லாரி ஓட்ட உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். உரிமம் இருக்கிறவர் கழிவை எங்கே இறக்குகிறார் என்று கேட்டால் பதில் சொல்வார். செங்கல்பட்டு மாவட்டத்தில் கருங்குழியில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பல ஊர்களில் பாதாளச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று மழுப்பினால், அது ராத்திரி ஏதோ ஓர் ஏரிக்கரையில் இறங்கப்போகிறது என்று அர்த்தம். அந்த ஏரியை ஒட்டித்தான் உங்களுக்கு போர் தண்ணீர் ஊறுகிறது.

போனில் டேங்கின் அளவைச் சொல்லுங்கள். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லிட்டர் கணக்கு வந்துவிடும். என்னுடையது 8 அடி, 5 அடி, 5 அடி. 200 கன அடி, சுமார் 5,600 லிட்டர். 6,000 லிட்டர் லாரிக்கு ஒரு லோடு. இது தெரியாமல் இருந்தால் "ரெண்டு லோடு ஆச்சு" என்று சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளவேண்டியதுதான். தெருவில் லாரி நிற்கும் இடத்திலிருந்து டேங்க் எத்தனை அடி என்பதையும் சொல்லிவிடுங்கள். ஹோஸ் எட்டாமல் திரும்பிப் போன கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

உறிஞ்சும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மேல் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புவது வழக்கமான தந்திரம். தண்ணீர் சுலபம், சேறு கஷ்டம். ஹோஸ் அடிவரை போகவேண்டும், சேற்றைக் கலக்கிவிட்டு எடுக்கவேண்டும். டேங்குக்கு நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் இரண்டு அறையையும் எடுக்கவேண்டும். வெளியேறும் குழாயின் வாயில் ஏடு அடைத்திருந்தால் மேலிருந்தே ராடால் குத்திவிடச் சொல்லுங்கள். அடியில் கொஞ்சம் சேறு மிஞ்சினால் பரவாயில்லை, மறுபடி கிருமி பிடிக்க அதுவே போதும். அதற்கென்று பவுடர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு தடவை வாங்கினேன். வாங்காமல் இருந்த வருடங்களுக்கும் அந்த வருடத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஆளை இறக்காதீர்கள்

தீபாவளிக்கு வந்த லாரியில் கூட வந்த பையன், அடியில் கெட்டியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினான். "இன்னும் ஐநூறு குடுங்க, எறங்கி வாரி விட்டுடறேன்." இருபது வயதுகூட இருக்காது. நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சேறு இருந்தால் இருக்கட்டும், தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து எடுக்க முடிந்தால் எடு, இல்லாவிட்டால் போ என்று அனுப்பினேன். அந்த நாள் முழுக்க நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இனிமே எறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கான்ட்ராக்டருக்கு மட்டுமல்ல, வேலைக்கு அமர்த்திய வீட்டுக்காரருக்கும்தான். இப்படி உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவராகவே இறங்குகிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள். வழியில்லாமல்தான் அப்படிக் கேட்கிறார்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கக்கூடாது. ஒருவர்பின் ஒருவராக இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இப்படித்தான். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. அவர்கள் வரும்வரை மூடியை முழுக்கத் திறந்து வைத்து, சுற்றி நிற்கிற கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். கையில் சிகரெட்டோ தீப்பெட்டியோ யாருக்கும் இருக்கவேண்டாம்.

எடுத்த மூன்றாம் நாளே நிரம்பினால்

இங்கேதான் மேஸ்திரி வருகிறார். லாரி எடுத்துப் போன சில நாளிலேயே டேங்க் மறுபடி உயர்ந்துவிட்டால் இன்னொரு லாரியைக் கூப்பிடுவது பணத்தைக் குழியில் போடுவதுதான்.

மழைக்காலம் என்றால் நிலத்தடி நீர் ஏறி சோக் பிட்டை மூடியிருக்கும். டேங்கிலிருந்து தண்ணீர் போக இடமில்லை, சுவரில் விரிசல் இருந்தால் வெளியிலிருந்து வேறு உள்ளே ஊறும். மிக்ஜாம் சமயத்தில் எனக்கு நடந்தது இதுதான். அடி பூசாத உறைக் குழி என்றால் கேட்கவே வேண்டாம், கிணறு மாதிரி ஊறும். அந்த நாட்களில் முழுவதும் காலி செய்வதே அபாயம் என்றார் மேஸ்திரி. பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் காலியானதும் சுற்றியுள்ள தண்ணீர் அதைத் தோணி மாதிரி மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்பு எல்லாம் உடையும். தண்ணீர் மட்டம் இறங்கும்வரை சமாளிப்பதுதான் வழி. வாஷிங் மெஷினை நிறுத்தி வைப்பது, குளித்த தண்ணீரைத் தற்காலிகக் குழாய் போட்டு வாழை மரத்துக்கு விடுவது, டாய்லெட் நீரை மட்டும் டேங்குக்கு அனுப்புவது. எங்கள் இரண்டு போர்ஷனும் ஒன்பது நாள் அப்படி ஓட்டினோம். மிகவும் முடியவில்லை என்றால் லாரியில் பாதி மட்டும் எடுக்கலாம்.

மழையே இல்லாத மே மாதத்திலும் இப்படி நிரம்புகிறது என்றால் சோக் பிட் செத்துவிட்டது. சமையலறை எண்ணெயும் தெளியாத சேறும் போய்ச் சுற்றியுள்ள மண்ணை அடைத்திருக்கும். அதைத் தோண்டிச் சுத்தம் செய்யவேண்டும், அல்லது புதிதாக ஒன்று போடவேண்டும். இதுவும் மேஸ்திரி வேலைதான். சமையலறைக் குழாய் வெளியே வரும் இடத்தில் எண்ணெயைப் பிடிக்க ஒரு சின்னத் தொட்டியும் கட்டச் சொல்லுங்கள்.

புது சோக் பிட் எங்கே போடுவது என்பது மட்டும் தலைவலி. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரக்குறியீடு, ஐ.எஸ். 2470, குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்கிறது. 18 மீட்டர் என்றால் 59 அடி. என்னுடைய மனை 40-க்கு 60. அதாவது மனையின் ஒரு கோடியில் போர், மறுகோடியில் சோக் பிட் இருந்தால்தான் கணக்கு சரிவரும். அந்த மறுகோடியில் மதிலை ஒட்டி அடுத்த வீட்டுக்காரரின் போர் இருக்கிறது! எங்கள் நகரில் எல்லா வீட்டுக்கும் இதே கதிதான். ஆகவே நான் போரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டேன், பக்கத்து வீட்டு அண்ணாவைக் கூப்பிட்டு வைத்து இடத்தைக் காட்டிவிட்டுத்தான் தோண்டினேன். போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துகிறவர்கள், அது கலங்கியோ வாடையாகவோ வந்தால், தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசோதித்துத் தருகின்றன. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் பார்க்கிறார்கள்.

மேஸ்திரிகளில் சிலர், "எதுக்கு மேடம் இவ்ளோ செலவு, ராவோட ராவா மழைநீர் வடிகால்ல கனெக்‌ஷன் குடுத்துடலாம்" என்பார்கள். தெருவில் நான்கு வீடு அப்படித்தான் என்று கைகாட்டவும் செய்வார்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம். மழை வந்து வடிகால் நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று அவரிடமே கேளுங்கள்.

மிச்சம் மீதி

உங்கள் வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது, தெரு மேன்ஹோல் பொங்குகிறது என்றால் அது உங்கள் செலவு இல்லை. சென்னைக் குடிநீர் வாரிய எல்லைக்குள் 1916-க்குச் சொல்லுங்கள், மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகம். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்டுக்குள் இருக்கும் சேம்பர்களும் குழாய்களும் நம் பொறுப்பு.

தண்ணீர் எல்லாம் ஒழுங்காக இறங்குகிறது, வாடை மட்டும் அடிக்கிறது என்றால் யாரையும் கூப்பிடும் முன் புழங்காத பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். தரை ஜாலிக்குக் கீழே, வாடையை மறிக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் ட்ராப் வற்றிவிட்டால் டேங்க் வாடை நேராக அறைக்குள் வரும். வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. அதற்கும் அடங்காவிட்டால் டேங்கின் காற்றுக் குழாயைப் பாருங்கள். மேலே கொசுவலை கிழிந்திருக்கும், அல்லது பறவைக் கூடு அடைத்திருக்கும்.

வாடகைக்கு இருக்கிறவர்கள் நேராக லாரிக்கு போன் போடாமல் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான் வீட்டுக்காரி என்பதால் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். டேங்க் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தது என்பது அவருக்குத்தான் தெரியும். செலவில் தகராறு வருவது வேறு விஷயம். என் வீட்டில் வைத்திருக்கும் கணக்கு இது: டேங்க், சோக் பிட், வெளிக் குழாய் எல்லாம் என் செலவு. குழாய்க்குள்ளிருந்து டயபரோ நாப்கினோ மாப் நூலோ வந்தால் அது யார் வீட்டுப் பொருளோ அவர் செலவு. அந்தத் தீபாவளி மாப் நூலை மாடிப் பெண் தலையில் கட்டலாம் என்று பிளம்பர் போனதும் விசாரணையில் இறங்கினேன். நீல நூல். அவளுடைய மாப் வெள்ளை.

இப்போது எங்கள் வீட்டு மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சேம்பர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் கோட்டுப் படம், டேங்க் அளவு, கடைசியாக எடுத்த தேதி, பிளம்பர், லாரி, மேஸ்திரி மூவரின் எண்கள். டைல்ஸை உடைத்துக் கடைசி சேம்பருக்குப் பிடி வைத்த மூடியும் போட்டாகிவிட்டது. போன மாதம் நான் பெண் வீட்டில் இருந்தபோது மாடியிலிருந்து போன் வந்தது. "ஆன்ட்டி, கடைசி சேம்பர் காஞ்சு கெடக்கு, ரெண்டாவது நெறஞ்சிருக்கு. பிளம்பருக்குச் சொல்லிட்டேன், உங்ககிட்ட சும்மா சொல்லலாம்னுதான்."